திரும்பி வந்த ரோல்ஸ் பெட்டி

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் போன கோடையில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். அந்த இல்லத்துச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் நின்று பிடித்துவிட்டேனாம். இல்லப் பொறுப்பாளர் ஃபிராவ் லேமன், ஃபிராவ் என்றால் திருமதி, பூங்கொத்தோடு வந்து, எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் வட்டமாக நிற்க வைத்துப் பேசினார். "உங்களைப் போன்றவர்கள் இல்லையென்றால் இந்த நாடே நின்றுவிடும், அன்டன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சும்மா நிற்பானேன் என்று நானும் தட்டினேன்.

அந்த வட்டத்தில் என் பெறாமகள் டிலானி இல்லை. அதே இல்லத்தின் இரண்டாம் மாடியில் முதியவர்களைப் பராமரிக்க வேண்டியவள், அந்த நேரம் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இனி வேலைக்கு வரக்கூடாது என்று அதற்கு முதல் நாள்தான் அவளிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் இதே ஃபிராவ் லேமன். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறவரும் அவர்தான், இருந்த ஆளை வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சட்டம் அப்படி.

கேக்கைத் தொடாமல் சமையலறைக்குத் திரும்பினேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலர், "அண்ணை, ஜெர்மனியிலை ஆள் தேவையாம், ஏதும் வழி இருக்கோ?" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். இதுவரை சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பித் தப்பிக்கொண்டிருந்தேன். இது உங்களுக்கான பதில். கொஞ்சம் நீளும். எரிச்சலோடுதான் எழுதுகிறேன், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

டிலானி என் மனைவி பிலோமினாவின் அக்கா மகள். மன்னாரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவள். வேலை முடிந்து வந்து ஜெர்மன் படித்து, பரீட்சை எடுத்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு இங்கே வந்தாள். பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் வேலை என்று மூன்று வருடம். போன கோடையில் கடைசிப் பரீட்சையும் பாஸ். எங்கள் மகள் ஷாலினி விட்டுவிட்டுப் போன அறையில்தான் இருந்தாள்.

நான் வந்ததற்கும் இவள் வந்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, அகதி என்று சொல்லிக் கதவைத் தட்டினேன். இவளைக் கூப்பிட்டார்கள். தொலைக்காட்சியில் அமைச்சர்மார் கூப்பிட்டார்கள். எங்கள் ரயில் நிலையத்தில் இவளைப் போலவே மாநிறத்தில் ஒரு பெண், தாதி உடுப்புப் போட்டுப் பல் தெரியச் சிரிக்கிற விளம்பரம் ஒன்று தொங்குகிறது. "நீங்கள் எங்களுக்குத் தேவை" என்று கீழே எழுதியிருக்கிறது. அதைக் கடந்துதான் நாங்கள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு நகரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

விஷயம் இதுதான். பயிற்சி முடிந்தால் பயிற்சிக்குத் தந்த விசாவும் முடிந்துவிடும். வேலைக்கு வேறு விசா. அதற்கு விண்ணப்பம் போட்டால், அவர்கள் அதைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் "இவர் வேலை செய்யலாம்" என்று ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். மடித்துக் காற்சட்டைப் பையில் வைக்கக்கூடிய ஒரு தாள். அந்தத் தாள் கையில் இல்லாமல் அவளை வேலைக்கு விட்டால் இல்லத்துக்குத் தண்டம், அவளுக்கு விசாவே போகலாம். டிலானி நேரகாலத்தோடு விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கோதாரி விழுந்த தாளை வாங்க ஒரு டெர்மின் வேண்டும், அதாவது இன்ன நாள் இன்ன நேரம் வா என்று அவர்கள் குறித்துத் தர வேண்டும். இணையத்தில் போய்ப் பார்த்தால் இடமில்லை. தொலைபேசியில் ஒரு பாட்டுப் போகும், பிறகு கட் ஆகும். வருடத்துக்கொருமுறை சட்டத்தை இலகுவாக்கிவிட்டோம் என்று செய்தியில் சொல்கிறார்கள். சட்டம் இலகுவாகிறது, கதவு மட்டும் திறக்குதில்லை.

ஒருவழியாக ஒரு டெர்மின் கிடைத்தது. கிடைத்ததைக் கெடுத்தது எங்கள் வீட்டு ரோல்ஸ், உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற பலகாரம்.

3

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு இடத்துக்கு வெறுங்கையோடு போக மாட்டோம். செத்த வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். என் அம்மா பல் பிடுங்கப் போனபோதுகூட டாக்குத்தருக்கு ஓலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டு போனவ.

டெர்மினுக்கு முதல் நாள் பின்னேரம் பிலோமினா சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"என்னப்பா செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"டெர்மின் தந்த மனுசி பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மாதிரி மெயில் போட்டது. வெறுங்கையோட போறதே?"

"இது ஊரிலை இருக்கிற அரசாங்கக் கச்சேரி இல்லை."

"கச்சேரி எண்டா என்ன, கந்தோர் எண்டா என்ன, இருக்கிறது மனுசர்தானே? நீங்கள் சும்மா இருங்கோ."

சும்மா இருந்தேன். பொரிகிற மணம் வந்த பிறகு எதிர்த்துப் பேசவும் மனம் வரவில்லை.

அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவர் ஃபிராவ் பிரிங்க்மன். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல மனுசி. டிலானியின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது. மேலதிகாரியின் கையெழுத்து மட்டும் வேண்டும். அடுத்த கிழமை சான்று வந்துவிடும்" என்றார். டிலானியின் ஜெர்மனையும் பாராட்டினார். அவள் முகம் எல்லாம் சிவந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து பிலோமினா பையைத் திறந்து, நீல மூடி போட்ட பெட்டியை மேசையில் வைத்தாள்.

ஃபிராவ் பிரிங்க்மனின் முகம் மாறியது. "இல்லை, இதை நான் வாங்கக் கூடாது" என்றார்.

இங்கேதான் பிழை நடந்தது. எங்களிடத்தில் ஒருவர் "ஐயோ, வேண்டாம்" என்றால் என்ன அர்த்தம்? வாங்கப் போகிறார் என்று அர்த்தம். முதல் தரமே கை நீட்டினால் அல்லவா மரியாதை இல்லை? இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தரம் "உங்களோட ஏலாது" என்று சொல்லி வாங்குவார்கள். ஃபிராவ் பிரிங்க்மன் இரண்டாம் தரமும் வேண்டாம் என்றார். பிலோமினாவுக்கு முகம் மலர்ந்தது. சரியான வளர்ப்பு என்று நினைத்திருப்பாள். மூன்றாம் தரம் அவர் எழும்பி நின்றே வேண்டாம் என்றார். பிலோமினா பெட்டியைக் கணினிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து, "சின்னச் சாமான்தான்! உறைப்பில்லை!" என்று தன் ஜெர்மனில் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஓடி வந்தோம் என்றே சொல்லலாம்.

"பாவம், வெட்கப்படுறா" என்றாள் லிஃப்டில்.

4

அடுத்த கிழமை சான்று வரவில்லை. கடிதம் வந்தது. டிலானிதான் வாசித்தாள். முடிவு எடுக்க முன்னர் அதிகாரிக்கு அன்பளிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதாம். அது மேலிடத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறதாம். பக்கச்சார்பு என்ற பேச்சு வராமல் இருக்க, கோப்பு வேறொரு அதிகாரிக்கு மாற்றப்படுகிறதாம். அவர் தன் வரிசைப்படி பார்ப்பாராம். பொருளை வாசலில் இருக்கும் காவலாளியிடம் பெற்றுக்கொள்ளலாமாம்.

"என்ன சொல்றாங்கள்? லஞ்சமோ?" என்று பிலோமினா கேட்டாள். "ரோல்ஸோ லஞ்சம்? மாதாவே!"

நான் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். காவலாளி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தான். யாரோ ஒரு புண்ணியவான் "குளிரில் வைக்கவும்" என்று மஞ்சள் தாளில் எழுதி மூடியில் ஒட்டியிருந்தார். வைத்துத்தான் இருக்கிறார்கள், ஆனால் எத்தனை நாளைக்கு? பிலோமினா எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பெட்டியில் ஊத்தை இல்லை. அழுகிறதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று குழாயடியில் நின்றாள்.

டிலானி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சின்னம்மா, விடுங்கோ. நீங்கள் எனக்காகத்தானே செய்தனீங்கள்" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லைப் போல இருந்தது எனக்கு.

அன்றைக்குத்தான் ஷாலினியைப் போனில் கூப்பிட்டேன். எங்கள் ஒரே மகள். சவர்லாந்துப் பக்கம் மலைக்குள் ஒரு சின்ன ஊரில், நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை. வீடு கட்ட விரும்புகிற ஜெர்மன்காரருக்கு ஓம், இல்லை சொல்கிறவள் என் மகள். ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும்.

"ஷாலு, நீயும் அரசாங்க உத்தியோகம்தானே. இஞ்சை ஆரையும் தெரியாதோ? ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அவள் தன் உடைந்த தமிழில் சொன்னாள்: "அப்பா, அம்மா குடுத்தது சாப்பாடு. நீங்க கேக்கிறது அதைவிட மோசம்."

"உன்ர சொந்தப் பெரியம்மாவின்ர மகள்! ஏன், உன்ர அறையிலைதான் இருக்கிறாள்!"

"தெரியும். நிஷ்ட் மோய்க்லிஷ், பப்பா."

முடியாது என்பதை அவள் ஜெர்மனில் சொன்னாள். அதுவும் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சொல்கிற குரலில். என்னைப் பார்த்து எத்தனையோ பேர் சொன்ன சொல், எனக்குப் பிறந்த பிள்ளையின் வாயில் இருந்து வந்தபோது சுரீர் என்றது. போனை வைத்துவிட்டேன். நல்லாய்ப் படிக்க வைத்தேன் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை.

5

டிலானிக்கு வீட்டில் இருக்க ஏலாமல் போயிற்று. சும்மா இருந்து பழகாதவள். மதியத்தில் இல்லத்துக்கு வரத் தொடங்கினாள், வேலைக்கு அல்ல, பார்வையாளராக. பார்வையாளர் நேரம் எல்லோருக்கும் பொதுதானே? நேரே இரண்டாம் மாடிக்குப் போய் ஃபிராவ் கோவால்ஸ்கியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

ஃபிராவ் கோவால்ஸ்கி தொண்ணூறைத் தாண்டியவர். அவருடைய தகப்பனும் போலந்துப் பக்கம் இருந்து நிலக்கரி வெட்ட வந்த ஆள்தான் என்று நல்ல ஞாபகம் வருகிற நாட்களில் சொல்வார். ஞாபகம் இல்லாத நாட்களில் வாயைத் திறக்க மாட்டார். டிலானி கரண்டியை எடுத்தால் மட்டும் திறப்பார். என்ன மாயமோ, "நோஹ் ஐன் பிஸ்ஷன், இன்னும் கொஞ்சம், என்ர குஞ்செல்லே" என்று அவள் இரண்டு மொழியும் கலந்து கெஞ்சுவாள், மனுசி சாப்பிடும்.

மூன்றாம் தரம் வந்தபோது ஃபிராவ் லேமன் கண்டுவிட்டார். அவசரமாக வந்து கரண்டியை டிலானியின் கையில் இருந்து வாங்கினார்.

"டிலானி, இது கூடாது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் நீ பார்க்க வந்தாய் என்று யார் நம்புவார்கள்? அனுமதி இல்லாமல் வேலை செய்ததாக எழுதினால் உனக்கு எல்லாமே முடிந்துவிடும்."

"நான் பக்கத்தில் இருக்கலாமா?"

"இருக்கலாம். கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஊட்டக் கூடாது."

சூப் தள்ளுவண்டியோடு நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபம் டிலானிக்காக மட்டும் இல்லை. நான் வந்த முதல் மாரியில், அகதி முகாமில், எனக்கும் வேலை செய்யத் தடை. மன்னாரில் படகு எஞ்சின் திருத்திய கை, நாள் முழுக்க யன்னல் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு காலை பனி கொட்டியிருந்தது. யாரும் சறுக்கி விழாமல் இருக்கட்டும் என்று தும்புத்தடியை எடுத்து வாசலைக் கூட்டினேன். முகாம் காவலாளி ஓடி வந்து, "உனக்கு அனுமதி இல்லை" என்று தடியைப் பறித்தான். அவன் கெட்டவன் இல்லை, பின்னேரம் எனக்கு ஒரு சிகரெட் தந்தான். ஆனால் அந்தப் பனியை யாரும் கூட்டவில்லை.

அது அந்தக் காலம், எங்களை வேண்டாம் என்று நினைத்த காலம். விளங்கிக்கொள்ளலாம். இது கூப்பிட்ட காலம். வா என்று கூப்பிட்டு, மூன்று வருடம் படிப்பித்து, பாஸ் பண்ணியவுடன் கரண்டியைப் பறிக்கிற காலம். இதை எப்படி விளங்கிக்கொள்வது? அன்றைய சூப் ஃபிராவ் கோவால்ஸ்கியின் மேசையிலேயே ஆறிப்போயிற்று.

6

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தால், வீட்டு வாசலில் ஷாலினியின் கார் நிற்கிறது. சொல்லாமல் வந்திருந்தாள். வந்தவள் என்னோடு பேசவில்லை, நேரே டிலானியிடம் போனாள்.

"நீ என்னோட வா. என் வீட்டு விலாசத்தில பதிவு செய். அங்க பதிஞ்சா அந்த ஊர் அலுவலகம்தான் உனக்குப் பொறுப்பு. சின்ன அலுவலகம், போன் எடுப்பாங்க. அங்க ரெண்டு முதியோர் இல்லம் ஆள் தேடுது."

"நீ ஏதும் கதைச்சனியோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை, அப்பா. ஒரு சொல்லும் சொல்லேல்ல. சட்டம் வாசிச்சேன்."

ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்ற பிள்ளை, தன் வீட்டையே திறந்து வைக்கிறாள். அவளை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டிலானி உடனே ஓம் சொல்லவில்லை. "அப்ப ஃபிராவ் கோவால்ஸ்கி?" என்றாள். பிலோமினாதான் அதட்டினாள்: "முதல் உன்ர காலை ஊண்டு, பிள்ளை. கிழவியை மாதா பாப்பா."

போகிற நாள் டிலானி விடைபெற இல்லத்துக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். வேறொரு பெண் ஊட்டப் பார்த்துத் தோற்றுப்போய் நின்றாள். ஃபிராவ் லேமன் அங்கே நின்றார். டிலானியைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார், பிறகு யன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். டிலானி கரண்டியை எடுத்தாள். கிண்ணம் வெறுமையாகும் வரைக்கும் ஃபிராவ் லேமன் திரும்பவில்லை. இந்த நாட்டுக்காரி ஒருத்தி எனக்குத் தெரிய விதியை மீறியது அன்றைக்குத்தான்.

மலையூர் அலுவலகத்தில் முதல் நாளே சான்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதே நாடு, அதே சட்டம், அதே பிள்ளை, அதே தாள்கள். டிலானி போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் சந்தோசப்படுவதா, சுவரில் போய் முட்டிக்கொள்வதா? எங்கள் இல்லத்தில் இரண்டாம் மாடியின் ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். கட்டில் இருக்கிறது, படுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், பார்க்க ஆள் இல்லை. ஃபிராவ் கோவால்ஸ்கியைக் கீழே மாற்றியிருக்கிறார்கள். இப்போது அவருக்கு எல்லாவற்றையும் அரைத்து அனுப்புகிறேன். பாதி திரும்பி வருகிறது.

7

பிறகுதான், எங்கள் நகரத்து அலுவலகத்தில் இருந்து டிலானிக்கு டெர்மின் வந்தது. புது அதிகாரி, புது நாள், தாள்கள் எல்லாவற்றையும் கொண்டு வரவும்.

"சித்தப்பா, நான் மெயில் போடுறன், நீங்கள் அலைய வேண்டாம்" என்றாள் டிலானி. நான் கேட்கவில்லை. அந்த நாளில் லீவு போட்டு, வெளிக்கிட்டு, ரயில் நிலையத்துச் சிரிக்கிற பெண்ணைக் கடந்து போனேன்.

புது அதிகாரி இளம் பெடியன். "அவள் இங்கே இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாள். வேலை செய்கிறாள்" என்றேன். வழியெல்லாம் இன்னும் எவ்வளவோ ஜெர்மனில் அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதற்குள் அவன் கணினியில் ஏதோ தட்டி, "நன்றி, இந்த டெர்மினை வேறொருவருக்குக் கொடுக்கலாம். அடுத்த முறை இணையத்திலேயே ரத்துச் செய்யலாம்" என்றான். அவ்வளவுதான். எங்கள் ஆறேழு மாதப் பாடு அவனுக்கு ஒரு தட்டில் முடிந்தது.

வெளியே நடையில் ஃபிராவ் பிரிங்க்மன் கோப்புகளோடு எதிரே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் விலகிப் போகத்தான் பார்த்தேன்.

"அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததா?" என்று கேட்டார்.

"கிடைத்தது. வேறு ஊரில்."

அவர் மூச்சை விட்டார். "நான் அறிவிக்கத்தான் வேண்டியிருந்தது. மறைத்துப் பிறகு தெரிய வந்திருந்தால் அவளுக்குத்தான் இன்னும் கூடாமல் போயிருக்கும். விளங்குகிறதா?"

"விளங்குகிறது" என்றேன். விளங்கத்தான் செய்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போகப் போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதற்குள் என்ன இருந்தது? அறை முழுக்க நாள்கணக்காக மணந்தது."

"உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும்."

"உறைப்பில்லை என்று உங்கள் மனைவி சொன்னாரே?"

"அது பொய்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. "உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்றுவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிலோமினாவிடம் சொன்னேன். பெடியன் சொன்னதையும், ஃபிராவ் பிரிங்க்மன் கேட்டதையும், சிரித்ததையும். அவள் கேட்டுக்கொண்டே கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினாள். நீல மூடிப் பெட்டியும் அதற்குள் இருந்தது.

"அப்ப வெறுங்கையோடயோ போனனீங்கள்?" என்று கேட்டாள்.

"பின்னே? பட்டது போதாதோ?"

அவள் பெட்டியைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"சொல்லியிருந்தால் ரெண்டு ரோல்ஸ் பொரிச்சுத் தந்திருப்பனே. இண்டைக்கெண்டா அந்த மனுசி வாங்கியிருக்கும். இனி அவையிட்டை கேக்கிறதுக்கு எங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே."